நீலகிரித் தேயிலைத் தோட்டங்களின் 'நோ பர்த் போனஸ்' திட்டம்

'நோ பர்த் போனஸ்' திட்டம் என்பது 1971-இல் நீலகிரி மலையில் மூன்று தேயிலைத் தோட்டங்களில் தொடங்கப்பட்ட குடும்பநல ஊக்கத்தொகைத் திட்டம். 'மகப்பேறில்லா மாத ஊக்கத்தொகை' என்று இதைத் தமிழில் சொல்லலாம். குழந்தை பெறும் வயதிலுள்ள தோட்டத் தொழிலாளிப் பெண் கருவுறாதிருக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் 5 ரூபாய் அவள் பெயரில் ஒரு கணக்கில் வரவு வைக்கப்பட்டது. குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்தியத் தோட்ட அதிபர்கள் சங்கம் (உபாசி) இதை நடத்தியது. திட்டத்தை வகுத்தவர் ரொனால்ட் ரிட்கர் என்னும் அமெரிக்கப் பொருளியலாளர். தோட்டங்களில் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்ததில் உபாசியின் மருத்துவ ஆலோசகர் டாக்டர் வி. ஐ. சாக்கோவுக்குப் பெரும் பங்கு உண்டு.

சுகாதாரத் துறையில் 'செய்த செலவுக்குப் பணம்' என்பதற்குப் பதிலாகக் 'கிடைத்த பலனுக்குப் பணம்' என்னும் முறை இன்று உலகெங்கும் பேசப்படுகிறது. ருவாண்டா, புருண்டி போன்ற நாடுகளின் பெயர்கள் அந்தப் பேச்சில் முதலில் வரும். அவற்றுக்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, குன்னூர் மலைச்சரிவுகளில் பலனுக்குப் பணம் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது. பலனுக்குப் பணம் என்றவுடன் எழும் கேள்வி ஒன்றே: பலன் கிடைத்தது என்று யார் சொல்வது, சொன்னது சரிதானா என்று யார் பார்ப்பது? நீலகிரித் திட்டத்தை இன்று திரும்பிப் பார்ப்பதற்கு இந்தக் கேள்வியே காரணம்.

சென்னை மாநிலத்தின் முன் அனுபவம்

ஊக்கத்தொகை என்ற எண்ணம் நீலகிரியில் திடீரென முளைத்ததல்ல. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஆர். ஏ. கோபாலசாமி பின்னர் சென்னை மாநிலத் தலைமைச் செயலாளரானார். மக்கள்தொகைப் பெருக்கத்தைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தவர். 1956-இல் சென்னை அரசு, கருத்தடை அறுவை செய்துகொள்ளும் ஏழைகளுக்கு 30 ரூபாய் வழங்கத் தொடங்கியது. இந்தியாவில் இவ்வாறு பணம் கொடுத்த முதல் மாநிலம் இதுவே. சில ஆண்டுகளில், அறுவைக்கு ஆள் அழைத்து வருபவருக்கும் தலைக்கு இவ்வளவு என்று பணம் தரப்பட்டது. அவர்களைக் 'கான்வாசர்' என்றார்கள்.

ஆள்பிடிப்பவர் நுழைந்தவுடன் கணக்கின் தன்மையே மாறியது. அவருக்கு வேண்டியது ஒரு தலை. அந்தத் தலைக்கு உரியவர் இனிக் குழந்தை பெறக்கூடியவரா என்பது அவருடைய கவலை அல்ல. வயது முதிர்ந்தவர்கள், மனைவியை இழந்தவர்கள், திருமணமே ஆகாதவர்கள் அழைத்து வரப்பட்டதாகப் புகார்கள் எழுந்தன. பொருளியலாளர் ராபர்ட் ரெபெட்டோ இந்தச் சென்னைத் திட்டத்தை ஆராய்ந்து 1968-இல் கட்டுரை வெளியிட்டார். அறுவைகளின் எண்ணிக்கை ஏட்டில் சரியாகவே இருக்கும். தையல் போட்ட தழும்பைக் காட்டி எண்ணிக்கையை மெய்ப்பிக்கலாம். ஆனால் அந்த எண்ணிக்கை, பிறக்காமல் தவிர்க்கப்பட்ட குழந்தைகளின் எண்ணிக்கை ஆகிவிடாது.

நீலகிரித் திட்டம் தொடங்கிய அதே 1971-இல், ஜூலை மாதம் கேரளத்தின் எர்ணாகுளத்தில் மாவட்ட ஆட்சியர் எஸ். கிருஷ்ணகுமார் முன்னின்று நடத்திய முகாமில் 63,000-க்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடந்தன. பணத்தோடு பொருள்களும் பரிசாகக் கிடைத்தன. நாடே அதைத் திரும்பிப் பார்த்தது. மலையின் ஒருபுறம் திருவிழா போன்ற முகாம். மறுபுறம் மாதம் 5 ரூபாய் என்று ஓசையின்றிச் சேரும் கணக்கு. இரண்டுக்கும் நோக்கம் ஒன்றே. ஆனால் முதலாவது செயலுக்குப் பணம் கொடுத்தது, இரண்டாவது பலனுக்குப் பணம் கொடுத்தது.

எண்ணம் பிறந்த விதம்

பெண் கருவுறாதிருந்தால் பணம் தரலாம் என்ற யோசனையை 1960-இல் ஸ்டீபன் என்கே என்ற பொருளியலாளர் இந்தியாவை முன்வைத்து எழுதினார். அவர் சொன்ன முறையில், பெண்கள் சில மாதங்களுக்கு ஒருமுறை பரிசோதனைக்கு வந்து கருவுறவில்லை என்று காட்டிச் செல்ல வேண்டும். ஒரு தேசம் முழுவதும் உள்ள பெண்களை இப்படி வரிசையில் நிறுத்திச் சோதிப்பது நடக்கிற காரியமா என்பதை அவர் எவ்வளவு தூரம் யோசித்தார் என்று தெரியவில்லை. கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரே ஒரு செவிலி இருந்த காலம் அது.

ரிட்கர் இந்த யோசனையை வேறு வடிவத்தில் எடுத்துக்கொண்டார். பணத்தை உடனே கையில் கொடுக்காமல், முதுமைக்கு உதவும் சேமிப்பாகக் கொடுக்கலாம் என்றார். ஏழைக் குடும்பங்கள் பல குழந்தைகளைப் பெறுவதற்கு முதுமையில் ஆதரவு வேண்டும் என்பதும் ஒரு காரணம். பிள்ளைகள் தரக்கூடிய அந்த ஆதரவை ஒரு சேமிப்புக் கணக்கு தருமானால் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்வார்கள் என்பது அவருடைய கணக்கு. 1971-இல் 'ஸ்டடீஸ் இன் ஃபேமிலி பிளானிங்' இதழில் இந்தியத் தேயிலைத் தோட்டங்களை உதாரணமாகக் காட்டி இதை அவர் விளக்கினார். ஏறத்தாழ அதே காலத்தில் தைவானில் ஹுவாதான் என்னும் வட்டாரத்தில், குறைந்த குழந்தைகளுடன் நிறுத்திக்கொள்ளும் பெற்றோருக்கு அந்தக் குழந்தைகளின் கல்விக்கான சேமிப்புக் கணக்கு தொடங்கப்பட்டது. அங்கே படிப்பு, இங்கே ஓய்வுக்காலம். அந்தந்த ஊர்ப் பெற்றோரின் கவலை எதுவோ அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

நீலகிரித் திட்டத்தின் விதி எளியது. மாதம் 5 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 60 ரூபாய். இருபது ஆண்டுகள் குறைவின்றிச் சேர்ந்தால் வட்டி நீங்கலாக 1,200 ரூபாய். குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் குழந்தைகள் பிறந்தால், சேர்ந்த தொகையில் ஒரு பகுதியோ, பிறப்புகள் தொடர்ந்தால் முழுமையுமோ கழிந்துபோகும். குழந்தை பெறும் வயது கடந்து ஓய்வு பெறும்போதே பணம் கைக்கு வரும். இன்ன முறையைத்தான் கையாள வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கருத்தடை அறுவை செய்துகொண்டவருக்கும், வேறு வழியில் பிறப்பைத் தள்ளிப்போட்டவருக்கும் ஒரே விதி.

தோட்டத்தைத் தேர்ந்தெடுத்த காரணம்

இத்தகைய திட்டத்தைக் கோயம்புத்தூரின் ஒரு தெருவிலோ தஞ்சாவூரின் ஒரு கிராமத்திலோ தொடங்கியிருக்க முடியாது. தோட்டம் தனி உலகம். தொழிலாளர் குடும்பங்கள் தோட்டத்துக்குச் சொந்தமான லைன் வீடுகளில் வசித்தன. கொழுந்து பறிக்கும் பெண்ணின் பெயர் தினமும் மஸ்டர் ஏட்டில் ஏறியது. எத்தனை நாள் வந்தாள், எத்தனை கிலோ பறித்தாள் என்பதெல்லாம் எழுதப்பட்டன. அவளுக்கு உடம்பு சரியில்லை என்றால் தோட்ட மருந்தகத்துக்குத்தான் போக வேண்டும். அங்கும் ஓர் ஏடு இருந்தது.

இந்த ஏடுகளுக்குப் பின்னால் சட்டங்கள் இருந்தன. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், வீடு, மருத்துவ வசதி ஆகியவற்றைத் தோட்ட நிர்வாகத்தின் கடமையாக்கியது. ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் பிள்ளைக் காப்பகம் இருக்க வேண்டும் என்றும் அது கூறியது. 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் தோட்டங்களையும் உள்ளடக்கியது. அன்றைய விதிப்படி 12 வாரச் சம்பளத்துடன் கூடிய விடுப்பு வேண்டுமானால் பெண் முன்கூட்டியே அறிவிப்புக் கொடுக்க வேண்டியிருந்தது, சான்றும் காட்ட வேண்டியிருந்தது. கருச்சிதைவு ஏற்பட்டாலும் சான்றின் பேரில் ஆறு வார விடுப்பு உண்டு.

இவற்றைவிட முக்கியமான ஒரு சட்டப்பிரிவு அதிகம் கவனிக்கப்படுவதில்லை. 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், வீட்டில் நடக்கும் பிறப்பை வீட்டுத் தலைவரும் மருத்துவமனையில் நடக்கும் பிறப்பை மருத்துவ அதிகாரியும் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. தோட்டங்களுக்கு மட்டும் 9-ஆம் பிரிவு தனியாக உள்ளது. தோட்டத்தில் நிகழும் பிறப்பையும் இறப்பையும் தோட்டக் கண்காணிப்பாளர் தெரிவிக்க வேண்டும். அதாவது, ஊக்கத்தொகை வருவதற்கு முன்பே, ஒரு லைன் வீட்டில் குழந்தை பிறந்ததை அரசுக்குச் சொல்ல வேண்டிய பொறுப்பு தோட்ட நிர்வாகத்தின் தலையில் இருந்தது. நாட்டின் வேறு எந்தக் கிராமத்திலும் ஒரு முதலாளிக்கு இத்தகைய கடமை இருந்ததில்லை.

இல்லாததை மெய்ப்பிப்பது

தடுப்பூசி போட்டால் ஊசி போட்டதற்கான அடையாளம் இருக்கும். பிரசவம் மருத்துவமனையில் நடந்தால் அனுமதிச்சீட்டு இருக்கும். நீலகிரித் திட்டம் பணம் கொடுத்தது இவற்றில் எதற்கும் அல்ல; ஒன்று நடக்கவில்லை என்பதற்கு. நடக்காத ஒன்றுக்கு ரசீது கிடையாது. அந்தப் பெண்ணின் பெயர் எந்தப் பிறப்பு ஏட்டிலும் இல்லை என்பதுதான் சான்று. ஏடு முழுமையாக இருந்தால் மட்டுமே அதில் பெயர் இல்லாதது சான்றாகும். பத்துப் பிறப்பில் ஆறு மட்டும் பதிவாகும் ஊரில் ஏட்டில் பெயர் இல்லை என்பதற்கு ஒரு பொருளும் இல்லை.

தோட்டத்தில் இந்த முழுமை எப்படிக் கிடைத்தது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒரு பெண் தன் பிரசவத்தை மறைத்து மாதம் 5 ரூபாயைத் தொடர்ந்து பெற நினைக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். மறைத்தால் 12 வார மகப்பேறு உதவி போய்விடும். அது 5 ரூபாயைவிடப் பல மடங்கு. பிள்ளையைக் காப்பகத்தில் விட முடியாது. விட முடியாவிட்டால் கொழுந்து பறிக்கப் போக முடியாது. குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் தோட்ட மருந்தகத்தில் பெயர் சொல்லி மருந்து வாங்க முடியாது. ஆக, ஒரு சிறு தொகைக்காகப் பெரிய தொகையை இழக்க வேண்டிவரும். யாரும் வீடு வீடாகப் போய்க் கண்காணிக்கத் தேவையில்லை. பொய் சொன்னால் சொன்னவருக்கே நட்டம் என்னும்படி ஏற்கெனவே இருந்த சட்டச் சலுகைகள் அமைந்துவிட்டன. இதைத் திட்டமிட்டுச் செய்ததாகச் சொல்ல முடியாது, இருந்ததைப் பயன்படுத்திக்கொண்டார்கள். ஆனால் சரிபார்ப்பைப் பற்றி எழுதப்பட்ட எத்தனையோ விதிமுறை நூல்களைவிட இந்த ஏற்பாடு சிறந்தது.

இன்னொன்று, தோட்ட மருத்துவச்சிக்கோ கம்பவுண்டருக்கோ தலைக்கு இவ்வளவு என்று இதில் பணம் இல்லை. எண்ணிக்கையைக் கூட்டியோ குறைத்தோ எழுதுவதால் அவர்களுக்கு ஆதாயம் கிடையாது. சென்னை மாநிலத்தின் கான்வாசரோடு ஒப்பிட்டால் வேறுபாடு புரியும். எழுதுகிறவருக்கு அந்த எண்ணில் பங்கு இல்லாதபோது எண் பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும்.

உபாசி தன் முழுமைத் தொழிலாளர் நலத் திட்டத்தில் உருவாக்கிய 'லிங்க் வொர்க்கர்' என்னும் இணைப்புப் பணியாளர்களையும் இங்கே குறிப்பிட வேண்டும். லைன் வீடுகளில் வசிக்கும் தொழிலாளர்களிலிருந்தே சிலரைத் தேர்ந்து, அக்கம்பக்கத்துக் குடும்பங்களின் உடல்நலச் செய்திகளை மருந்தகத்துக்குக் கொண்டுவரும் பொறுப்பை அவர்களுக்குக் கொடுத்தார்கள். யார் வீட்டில் யாருக்கு எத்தனையாவது மாதம் என்பது லைனில் யாருக்கும் ரகசியம் அல்ல. சுவர்கள் அவ்வளவு மெல்லியவை. பின்னாளில் நாடு முழுவதும் வந்த 'ஆஷா' பணியாளர்களின் வேலையில் ஒரு பகுதியை இவர்கள் அப்போதே செய்துகொண்டிருந்தார்கள்.

பிடிபடாத இடங்கள்

இத்தனை ஏடுகள் இருந்தும் பிடிபடாத இடங்கள் இல்லாமல் இல்லை. பிரசவத்துக்குத் தாய்வீடு போவது தமிழ்க் குடும்பங்களின் வழக்கம். தாய்வீடு சேலத்திலோ தர்மபுரியிலோ இருந்தால் பிறப்பு அங்கே பதிவாகும், அல்லது பதிவாகாமலும் போகும். குழந்தை பிறந்து சில நாளில் இறந்துவிட்டால் காப்பகத்துக்கு வரும் பிள்ளை எதுவும் இராது. அந்தக் காலத் தோட்டங்களில் சிசு இறப்பு அரிதான செய்தி அல்ல. பிள்ளையைப் பறிகொடுத்தவளின் கணக்கிலிருந்தும் பணத்தைக் கழிப்பதா என்பது ஏடு பதில் சொல்லக்கூடிய கேள்வி அல்ல. மருத்துவக் கருக்கலைப்புச் சட்டமும் 1971-இல்தான் நிறைவேறி, 1972 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. கருவைக் கலைத்தவளும் ஏட்டின் கண்ணில் 'பேறில்லாத' பெண்ணே.

ஏட்டில் பெயரில்லாத பெண்களின் நிலை வேறு. நிரந்தரத் தொழிலாளியாக இருப்பவரைத்தான் மஸ்டர் தொடர்ந்து அறியும். தற்காலிகமாகக் கொழுந்து சீசனுக்கு மட்டும் வந்துபோகிறவர் எத்தனை குழந்தை பெற்றார் என்று தோட்டத்துக்குத் தெரியாது. இத்தகைய திட்டங்கள் யாரை அளக்க முடியுமோ அவர்களுக்கே போய்ச் சேருகின்றன. பலனுக்குப் பணம் தரும் முறையின் மேல் இன்றும் சொல்லப்படும் குறை இது.

எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி எதிர்த்திசையில் இருந்தது. நிர்வாகம் தொழிலாளியைச் சரிபார்த்தது. நிர்வாகத்தைத் தொழிலாளி எப்படிச் சரிபார்ப்பது? பணம் கைக்கு வருவது பல ஆண்டுகள் கழித்து. கணக்கு வைத்திருப்பவரும், கழிவு விதிப்பவரும், கடைசியில் கொடுப்பவரும் ஒரே தரப்பு. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண், தன் கணக்கில் இந்த மாதம் 5 ரூபாய் ஏறியதா என்று அறிய ரைட்டரைத்தான் கேட்க வேண்டும். இன்றைய முறைகளில் பணம் கொடுப்பவரும் பலனைச் சரிபார்ப்பவரும் வேறு வேறாக இருக்க வேண்டும் என்பது அடிப்படை விதி. நீலகிரியில் அந்தப் பிரிவு இல்லை. நிர்வாகத்துக்கு இதில் சொந்த ஆதாயமும் இருந்தது. பிறப்பு குறைந்தால் மகப்பேறு உதவி, காப்பகம், மருத்துவம், வீடு ஆகியவற்றின் செலவு குறையும். தொழிலாளிக்குப் போகும் 5 ரூபாயே இந்தச் சேமிப்பிலிருந்து வரக்கூடியது என்பதுதான் ரிட்கரின் பொருளியல் வாதம். அதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. ஆனால் ஒரு பெண்ணின் கருப்பையைப் பற்றிய முடிவில் அவளுடைய முதலாளிக்கு இலாபக் கணக்கு இருப்பது சரியா என்று கேட்டவர்களும் உண்டு. கேட்டது தவறில்லை.

பலன் கிடைத்ததா?

1980-இல் 'பாப்புலேஷன் அண்ட் டெவலப்மென்ட் ரிவ்யூ' இதழில் ரிட்கர் திட்டத்தின் அனுபவத்தை எழுதினார். திட்டத் தோட்டங்களில் பிறப்புகள் குறைந்திருந்தன. ஆனால் அதே ஆண்டுகளில் உபாசியின் முழுமைத் தொழிலாளர் நலத் திட்டமும் பல தோட்டங்களில் நடந்துகொண்டிருந்தது. அதில் கருத்தடை ஆலோசனை, தாய்சேய் நலம், தடுப்பூசி, சுகாதாரம் எல்லாம் இருந்தன. திட்டம் இல்லாத தோட்டங்களிலும் பிறப்பு இறங்குமுகமாகவே இருந்தது. மூன்று தோட்டங்கள் என்பது சிறிய எண்ணிக்கை.

இங்கே இரண்டு விதமான சரிபார்ப்புகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மாணவர்கள் அடிக்கடி குழப்பிக்கொள்ளும் இடம் இது. 'இந்தப் பெண்ணுக்கு இந்த ஆண்டு குழந்தை பிறக்கவில்லை' என்பது ஒரு செய்தி. ஏட்டைப் பார்த்தால் உண்மையா பொய்யா என்று தெரிந்துவிடும். 'ஊக்கத்தொகையால்தான் பிறக்கவில்லை' என்பது வேறு செய்தி. அதை எந்த ஏடும் சொல்லாது. முதலாவதை நீலகிரித் தோட்டங்கள் நன்றாகவே செய்தன. இரண்டாவதற்குத் திட்டம் இல்லாத, மற்ற எல்லாவற்றிலும் ஒத்த தோட்டங்கள் ஒப்பீட்டுக்கு வேண்டும். அத்தகைய ஒப்பீடு எளிதில் அமையவில்லை. மதிப்பெண் பட்டியல் சரியாக இருப்பதால், பாடம் நடத்தியவரால்தான் மாணவன் தேறினான் என்று ஆகிவிடுவதில்லை அல்லவா?

நெருக்கடி நிலையும் இலக்குகளும்

நீலகிரியில் சிறிய கணக்குகள் சேர்ந்துகொண்டிருந்தபோது நாட்டில் வேறொன்று நடந்தது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77-இல் மட்டும் 82 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடந்ததாகக் கணக்குக் காட்டப்பட்டது. வட மாநிலங்களில் வருவாய்த் துறையினர், காவலர்கள், பள்ளி ஆசிரியர்கள் வரை இலக்கு கொடுக்கப்பட்டது. இலக்கை எட்டாத ஆசிரியருக்குச் சம்பளம் நிறுத்தப்பட்டதும் உண்டு. கரும்பலகையை விட்டுவிட்டு ஆள் தேடி அலைந்தவர்கள் எழுதிக் கொடுத்த எண்களை யார் சரிபார்த்திருப்பார்கள்? பின்னர் அமைந்த ஷா ஆணையம், அறுவைகளோடு தொடர்புடைய 1,774 மரணங்களையும், திருமணமாகாதவர்களுக்கு அறுவை செய்யப்பட்டதாக வந்த நூற்றுக்கணக்கான புகார்களையும் பதிவு செய்தது. அதன் பின் 'குடும்பக் கட்டுப்பாடு' என்ற சொல்லே கைவிடப்பட்டுக் 'குடும்பநலம்' ஆனது.

ஆனால் இலக்குகள் போகவில்லை. ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் எண்ணிக்கை ஏறுவதும், கொடுக்கப்பட்ட கருத்தடைச் சாதனங்கள் காகிதத்தில் மட்டும் இருப்பதும் தொடர்ந்தன. 1995-இல் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் இலக்குகள் கைவிடப்பட்டன. 1996 ஏப்ரலில் நாடு முழுவதும் இலக்கில்லா முறை வந்தது.

உலகம் கற்ற பாடம்

2000-இல் தொடங்கப்பட்ட 'காவி' என்னும் பன்னாட்டுத் தடுப்பூசிக் கூட்டணி, ஏழை நாடுகளுக்கு ஒரு புதிய முறையில் நிதி கொடுத்தது. முந்தைய அளவைவிடக் கூடுதலாக ஒரு குழந்தைக்கு முத்தடுப்பு ஊசியின் மூன்றாம் தவணை போடப்பட்டால் 20 டாலர். நாடுகள் சொல்லும் எண்ணிக்கையை அப்படியே ஏற்காமல், தணிக்கையாளர்களை அனுப்பிச் சுகாதார நிலையத்து ஏடுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் தணிக்கை பார்த்தது, மேலே அனுப்பிய காகிதம் கீழே உள்ள காகிதத்தோடு பொருந்துகிறதா என்பதை. கீழே உள்ள காகிதமே பிழையாக இருந்தால் என்ன ஆகும்?

2008-இல் 'லான்செட்' இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு அதற்கு விடை சொன்னது. வீடுகளுக்கே போய்த் தாய்மாரிடம் கேட்டும் தடுப்பூசி அட்டையைப் பார்த்தும் எடுக்கப்பட்ட கணக்கெடுப்புகளை, நாடுகள் காட்டிய எண்ணோடு ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். கூடுதலாகத் தடுப்பூசி பெற்றதாகச் சொல்லப்பட்ட குழந்தைகள் 1 கோடியே 39 லட்சம். கணக்கெடுப்பின்படி 74 லட்சம். கொடுக்கப்பட்ட பணம் 28.9 கோடி டாலர். உண்மைக் கணக்குப்படி கொடுத்திருக்க வேண்டியது ஏறத்தாழ 15 கோடி டாலர். எல்லா நாடுகளும் வேண்டுமென்றே பொய் சொன்னதாகக் கொள்ள வேண்டியதில்லை. ஒரு நாளைக்கு நூறு குழந்தைகளுக்கு ஊசி போட்டுவிட்டு மாலையில் கோடு கிழித்து எண்ணும் செவிலியின் கை, எண்ணுக்குப் பணம் உண்டு என்று தெரிந்தபின் எந்தப் பக்கம் சாயும் என்பதே கேள்வி.

ருவாண்டா 2006-இல் இம்முறையை நாடு முழுவதும் விரித்தபோது, எண்ணிக்கையை ஒரு குழுவும் தரத்தை வேறொரு குழுவும் பார்க்கும்படி வைத்தது. புருண்டியில் உள்ளூர் மக்கள் அமைப்புகள், ஏட்டில் பெயர் உள்ள நோயாளிகளை வீடு தேடிச் சென்று 'வந்தீர்களா, என்ன மருத்துவம் பார்த்தார்கள்' என்று கேட்டன. ஏட்டில் மட்டும் வாழும் நோயாளிகளைக் கண்டுபிடிப்பதற்கான வழி இது. இதற்கு ஆகும் செலவும் சிறியதல்ல. மருத்துவத்துக்கு வந்த பணத்தில் ஒரு பகுதியைச் சரிபார்ப்பே விழுங்கிவிடுகிறது என்ற முறையீடு எழுந்து, சந்தேகத்துக்கு இடமான இடங்களை மட்டும் கூர்ந்து பார்க்கும் முறைக்குப் பல நாடுகள் நகர்ந்தன. நீலகிரித் தோட்டங்களுக்கு அந்தச் செலவு வரவில்லை. லைன் வீட்டையும் மருந்தகத்தையும் காப்பகத்தையும் பிணைத்த பழைய ஏற்பாடு அந்தச் செலவை ஏற்கெனவே ஏற்றிருந்தது.

இன்றைய ஏடு

தமிழ்நாட்டில் இப்போது பணம் கிடைப்பது பேறில்லாமைக்கு அல்ல, பாதுகாப்பான பேற்றுக்கு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் 2018 முதல் 18,000 ரூபாய்: 14,000 பணமாகவும் 4,000 மதிப்புள்ள ஊட்டச்சத்துப் பெட்டகங்களாகவும். கர்ப்பத்தைப் பதிவு செய்தல், மருத்துவப் பரிசோதனை, அரசு மருத்துவமனையில் பிரசவம், குழந்தைக்குத் தடுப்பூசி என்று படிப்படியாக நிறைவேறும்போது தவணை தவணையாகத் தொகை வருகிறது. ஒவ்வொரு கர்ப்பிணியும் 'பிக்மி' என்னும் கணினிப் பதிவில் ஏற்றப்பட்டு 12 இலக்க எண் பெறுகிறார். 2017 முதல் அந்த எண் இருந்தால்தான் குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் என்றானது. உதவித்தொகை வேண்டாதவரும், தனியார் மருத்துவமனைக்குச் செல்பவரும்கூடச் சான்றிதழுக்காகப் பதிவு செய்ய வேண்டியதாயிற்று. ஓர் ஏட்டை முழுமையாக்க வேறொரு தேவையோடு அதைக் கட்டிவைக்கும் உத்தி, காப்பகத்தையும் மகப்பேறு விடுப்பையும் நம்பியிருந்த தோட்டத்து ஏட்டின் உத்திதான்.

நீலகிரி மாவட்டத்தின் மக்கள்தொகை 2001-இல் 7,62,141. 2011-இல் 7,35,394. தமிழ்நாட்டில் மற்ற மாவட்டங்கள் வளர்ந்துகொண்டிருந்தபோது இங்கே எண்ணிக்கை குறைந்தது. பிறப்பு குறைந்தது ஒரு காரணம். தேயிலை விலை வீழ்ந்து சிறு விவசாயிகளும் தோட்டங்களும் தளர்ந்தது, இளைஞர்கள் கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும் வேலை தேடி இறங்கியது ஆகியவையும் உண்டு. இவற்றில் எதற்கு எவ்வளவு பங்கு என்பதைக் கணக்கெடுப்பு ஏடு பிரித்துச் சொல்வதில்லை. 1971-இன் மூன்று தோட்டங்களிலும் இதே சிக்கல்தான் இருந்தது.